வேர்ட்பிரஸ் மல்டிசைட்: மேம்படுத்திய பிறகு துணைத் தளங்களில் படங்கள் இல்லை, நெட்வொர்க் அப்கிரேடும் பாதியில் நிற்கிறது

கேள்வி

ஒரே வேர்ட்பிரஸ் நிறுவலில் பல தளங்கள் ஓடும் மல்டிசைட் நெட்வொர்க், துணைக்கோப்புறை முறையில் (முகவரி 'முதன்மை டொமைன்/தளப்பெயர்' என்று இருக்கும்). மொத்தம் 42 தளங்கள். வேர்ட்பிரஸ் 3.4 காலத்தில் தொடங்கியது. 4.9-இலிருந்து 6 வரிசைக்கு மாற்றினேன், கூடவே பிஎச்பியும் 7.4-இலிருந்து 8-க்குப் போனது. இப்போது மூன்று சிக்கல்கள்:

1. நெட்வொர்க் அட்மினில் 'அப்கிரேட் நெட்வொர்க்' அழுத்தினால் 17-ஆம் எண் தளத்தில் நின்றுவிடுகிறது. சர்வரால் அந்தத் தளத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று எச்சரிக்கை வருகிறது.
2. முதன்மைத் தளத்தில் படங்கள் தெரிகின்றன. மற்ற எல்லாத் தளங்களிலும் 404 (கோப்பு கிடைக்கவில்லை) பிழை.
3. 23-ஆம் எண் தளத்துக்குச் சொந்த டொமைன் உண்டு. அதில் மட்டும் உள்நுழைய முடியவில்லை. குக்கி (உள்நுழைவை நினைவில் வைக்க உலாவி சேமிக்கும் சிறு தரவு) தடுக்கப்பட்டுள்ளது என்கிறது.

எச்டிஅக்சஸ் கோப்பில் (எந்த முகவரியை எங்கே அனுப்புவது என்று சர்வருக்குச் சொல்லும் கோப்பு) புதிய நெட்வொர்க்குக்கான விதிகளை ஒட்டினேன். வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பான டபிள்யூபி-கான்ஃபிக்கிலும் ஒரு வரி சேர்த்தேன்.

மறுமொழி 1

எதையும் தொடும் முன் தரவுத்தளத்தையும் டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறை முழுவதையும் நகலெடுங்கள். அப்லோட்ஸ் மட்டும் போதாது. உங்கள் துணைத் தளங்களின் படங்கள் அதற்குள் இருக்கும் பிளாக்ஸ்.டிர் கோப்புறையில்தான் இருக்கும். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

முதல் சிக்கல். 'அப்கிரேட் நெட்வொர்க்' பக்கம் ஒரு சுற்றுக்கு 5 தளம் வீதம், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு இறங்கிவரும். ஒவ்வொரு தளத்தின் அப்கிரேட் முகவரியையும் சர்வரே தனக்குத்தானே கூப்பிடும். 17-க்கும் சொந்த டொமைன் இருந்து, அது காலாவதியாகியிருந்தாலோ, வேறு ஐபிக்குத் திரும்பியிருந்தாலோ அந்த அழைப்பு தோற்கும், மொத்த வேலையும் அங்கேயே நிற்கும். முதன்மைத் தளம் எண் 1 என்பதால் அதன் முறை கடைசியில்தான் வரும். பயனர் அட்டவணை போன்ற பொது அட்டவணைகள் அந்த முறையில்தான் புதுப்பிக்கப்படும். ஆகவே பாதியில் விட்டுவிடாதீர்கள்.

17-ஐத் தற்காலிகமாக 'ஆர்க்கைவ்' செய்யுங்கள் (பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிவையுங்கள்). ஆர்க்கைவ், ஸ்பேம், நீக்கப்பட்டது என்று குறித்த தளங்களை அப்கிரேட் எடுத்துக்கொள்ளாது. பிறகு மறுபடி ஓட்டுங்கள். ஏற்கெனவே முடிந்த தளங்களுக்கு அதனால் கேடில்லை. கட்டளை வரி கிடைத்தால் இன்னும் நல்லது: டபிள்யூபி-சிஎல்ஐயில் (வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் கருவி) 'கோர் அப்டேட்-டிபி' கட்டளையை 'நெட்வொர்க்' விருப்பத்தோடு கொடுத்தால் எச்டிடிபி அழைப்பே தேவைப்படாது, 17-ஐ ஆர்க்கைவ் செய்யாமல் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்தே முடிந்துவிடும். முடிந்ததும் ஒவ்வொரு தளத்தின் ஆப்ஷன்ஸ் அட்டவணையிலும் 'டிபி_வெர்ஷன்' மதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி 2

படங்கள் போனதற்குக் காரணம் நீங்கள் ஒட்டிய விதிகள்தான். 3.5-க்கு முன் தொடங்கிய நெட்வொர்க்கில் துணைத் தளப் படத்தின் முகவரி 'தளப்பெயர்/ஃபைல்ஸ்/2012/05/...' என்று இருக்கும். அப்படி ஒரு கோப்புறை வட்டில் கிடையாது. எச்டிஅக்சஸில் உள்ள ஒரு விதி அதை டபிள்யூபி-இன்க்லூட்ஸில் இருக்கும் எம்எஸ்-ஃபைல்ஸ்.பிஎச்பிக்கு அனுப்ப, அது பிளாக்ஸ்.டிர்ரிலிருந்து படத்தை எடுத்துத் தரும். 3.5 முதல் புதிய நெட்வொர்க்குகளுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. புதிய விதித்தொகுப்பில் அந்த வரியும் இல்லை.

நெட்வொர்க் அட்மினில் 'நெட்வொர்க் செட்டப்' பக்கத்தைத் திறங்கள். சைட்மெட்டா அட்டவணையில் (நெட்வொர்க் அமைப்புகள் சேமிக்கப்படும் தரவுத்தள அட்டவணை) 'எம்எஸ்_ஃபைல்ஸ்_ரீரைட்டிங்' 1 என்று இருக்கும் வரை, அது ஃபைல்ஸ் வரியோடு சேர்த்தே விதிகளைக் காட்டும். அதை முழுதாக எடுத்து ஒட்டுங்கள். இன்டெக்ஸ்.பிஎச்பி வரிக்கு அடுத்ததாக ஃபைல்ஸ் விதி வர வேண்டும்.

அந்த 1-ஐ 0 ஆக்கச் சொல்லி யாராவது அறிவுரை தந்தால் கேட்காதீர்கள். புதிய படங்கள் வேறு கோப்புறைக்குப் போகத் தொடங்கும், ஆனால் பழைய இடுகைகளில் உள்ள முகவரிகள் அப்படியே நிற்கும். அது தனியே திட்டமிட்டு, தளம் தளமாகச் செய்ய வேண்டிய இடமாற்றம்.

கேட்டவர்

கட்டளை வரியில் 42-உம் முடிந்தன. விதிகளையும் மாற்றிவிட்டேன். இப்போது 404 போய் 200 (வெற்றி) வருகிறது, ஆனால் படம் உடைந்தே தெரிகிறது. துணைத் தளங்களின் ஆர்எஸ்எஸ் ஓடையிலும் (புதிய இடுகைகளின் பட்டியல்) எக்ஸ்எம்எல் பிழை.

மறுமொழி 2

இரண்டுக்கும் ஒரே காரணம்தான்: படத்துக்கு முன்னால் ஏதோ சில பைட்டுகள் வெளியேறுகின்றன. எம்எஸ்-ஃபைல்ஸ் வேலை செய்யும்போது டபிள்யூபி-கான்ஃபிக்கும், இருந்தால் சன்ரைஸ்.பிஎச்பியும் (டொமைன் இணைப்புச் செருகுநிரல் வைக்கும் கோப்பு) ஏறும். செருகுநிரல்கள் ஏறாது, அவற்றைச் சந்தேகிக்க வேண்டாம்.

உடைந்த படம் ஒன்றைத் தரவிறக்கி ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் கருவி) திறங்கள். ஜேபெக் கோப்பு 'எஃப்எஃப் டி8' என்று தொடங்க வேண்டும். அதற்கு முன் 'இஎஃப் பிபி பிஎஃப்' இருந்தால், டபிள்யூபி-கான்ஃபிக்கை பிஓஎம் குறியோடு (கோப்பின் தொடக்கத்தில் வரும், கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள்) சேமித்திருக்கிறீர்கள்; 'பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8' என்று மறுபடி சேமியுங்கள். '0ஏ' இருந்தால் வெற்று வரி. கோப்பின் கடைசியில் ?> இருந்தால் அதை எடுத்தே விடுங்கள்: அதன் பின் வரும் முதல் வரிமாற்றத்தை பிஎச்பி விழுங்கிவிடும், இரண்டாவது வெளியே போகும். எழுத்துகளாகவே தெரிந்தால் அது பிஎச்பி 8 எச்சரிக்கை. பழைய சன்ரைஸ் கோப்பிலிருந்து வர வாய்ப்பு அதிகம்.

மறுமொழி 1

அந்தச் சன்ரைஸ்தான் 23-ஐ டொமைனோடு இணைத்துக்கொண்டிருக்கும். வேர்ட்பிரஸ் 4.5 முதல் அதற்கான டொமைன் இணைப்புச் செருகுநிரல் தேவையில்லை. வரிசை முக்கியம்: முதலில் 'எடிட் சைட்'டில் தள முகவரியைச் சொந்த டொமைனாக மாற்றுங்கள். பிளாக்ஸ் அட்டவணையில் 23-இன் பாதை வெறும் / ஆக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அதற்குப் பிறகே டபிள்யூபி-கான்ஃபிக்கில் உள்ள சன்ரைஸ் வரியையும் சன்ரைஸ் கோப்பையும் நீக்குங்கள். முன்பே நீக்கினால் அந்த டொமைன் எந்தத் தளத்துடையது என்று வேர்ட்பிரஸுக்குத் தெரியாமல் போகும்.

கான்ஃபிக்கில் நீங்கள் சேர்த்த வரி 'குக்கி_டொமைன்' தானே? அதில் முதன்மை டொமைனை எழுதியிருந்தால், 23-இன் டொமைனுக்கு உலாவி அந்தக் குக்கியை ஏற்காது. துணைக்கோப்புறை நெட்வொர்க்கில் அந்த வரியே வேண்டாம்.

கேட்டவர்

ஆம், அதே வரிதான், நீக்கிவிட்டேன். படத்தின் முன்னால் 'இஎஃப் பிபி பிஎஃப்' இருந்தது. மறுபடி சேமித்ததும் படங்களும் ஓடையும் சரியாகிவிட்டன. 23-இல் பழைய குக்கிகளை அழித்த பிறகு உள்நுழைய முடிகிறது. 17-இன் டொமைன் வேறு ஐபியைக் காட்டுகிறது. டிஎன்எஸ் பதிவைத் திருத்தியிருக்கிறேன்.