ரேட்டிங் குறைந்த சென்டர் பேக் இல்லாதபோதுதான் கோல் வாங்குகிறோம்: எந்த எண்ணை நம்புவது? (ஃபுட்பால் மேனேஜர் 2024)

ஆஃப்சைடு_பொறி:
வணக்கம் நண்பர்களே. எஃப்எம் 24 (ஃபுட்பால் மேனேஜர் 2024) என்ற கணினி விளையாட்டில் இங்கிலாந்தின் சாம்பியன்ஷிப் டிவிஷனில் ஓர் அணியை நடத்திக்கொண்டிருக்கிறேன். பின்வரிசையில் நான்கு பேர். பெரும்பாலும் பந்து எங்களிடம்தான் இருக்கும். குழப்பம் என் இரண்டு சென்டர் பேக்குகளால் (பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள்). வலதுகாரருக்கு சீசன் சராசரி ரேட்டிங் 7.14, இடதுகாரருக்கு 6.81. டேக்கிள் (எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிப்பது), இன்டர்செப்ஷன் (பாஸை இடைமறிப்பது), ஜெயித்த ஹெட்டர் மூன்றிலும் 90 நிமிடக் கணக்கில் வலதுகாரர்தான் மேலே. இடதுகாரரை விற்றுவிடலாம் என்கிறார் உதவி மேனேஜர். நல்ல விலையும் வந்திருக்கிறது.

ஆனால் இடதுகாரர் காயத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் கோல் மேல் கோலாக வாங்கினோம். திரும்பி வந்தார், அடங்கிவிட்டது. இது தற்செயலா, இல்லை இந்த எண்களில் விழாத ஏதோ ஒன்றை அவர் செய்கிறாரா?

கார்னர்_கொடி:
வலதுகாரர் எத்தனை கோல் போட்டிருக்கிறார், அதைச் சொல்லுங்கள் முதலில். கார்னரில் தலையால் ஒன்று தட்டிவிட்டால் போதும், பின்னால் எவ்வளவு சொதப்பியிருந்தாலும் அன்றைக்கு ரேட்டிங் எகிறிவிடும். கோலோ அசிஸ்டோ இல்லாத மேட்சுகளை மட்டும் எடுத்து இருவருக்கும் சராசரி போட்டுப் பாருங்கள்.

ஆஃப்சைடு_பொறி:
ஆறு கோல், ஆறும் கார்னரில்! அந்த மேட்சுகளைக் கழித்தால் வித்தியாசம் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. ஆனால் டேக்கிளும் இன்டர்செப்ஷனும் அப்படியே நிற்கின்றனவே?

எக்செல்_பைத்தியம்:
பந்து எதிரணியிடம் இருந்தால்தானே டேக்கிள் போட முடியும்? எதிரணி பந்தை வைத்திருக்கும் சதவீதத்தால் வகுத்து, 50-ஆல் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, உங்கள் அணியிடம் பந்து 60 சதவீதம், எதிரணியிடம் 40. உங்கள் ஆள் 90 நிமிடத்துக்கு 1.6 டேக்கிள் என்றால் சரிக்கட்டியது 2.0. இன்னோர் அணியிடம் பந்து 40 சதவீதம்தான், அங்கே ஒருவர் 2.1 டேக்கிள் போடுகிறார் என்றால் அது 1.75-ஆக இறங்கிவிடும். வரிசையே தலைகீழ். அவ்வளவு பேருக்கும் கையால் எழுத வேண்டாம். வேண்டிய பத்திகளோடு ஒரு வியூ உருவாக்கி, கன்ட்ரோல்+ஏ, அப்புறம் கன்ட்ரோல்+பி கொடுத்து வெப் பேஜாகச் சேமித்தால் எக்செல்லில் திறந்துவிடும்.

பழைய_சிஎம்_ஆள்:
கணக்கு சரிதான் தம்பி, ஆனால் இவர் கேள்விக்கு அது உதவாது. இரண்டு பேரும் ஒரே அணி, ஒரே மேட்ச், ஒரே சதவீதம். இரண்டையும் ஒரே எண்ணால் வகுத்தால் விகிதம் எப்படி மாறும்? வெளியிலிருந்து ஆள் வாங்கும்போது கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள்.

பொறி, இருவருக்கும் என்ன டியூட்டி கொடுத்திருக்கிறீர்கள்?

ஆஃப்சைடு_பொறி:
வலதுகாரர் ஸ்டாப்பர், இடதுகாரர் கவர் அண்ணா.

பழைய_சிஎம்_ஆள்:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே! ஸ்டாப்பர் வரிசையை விட்டு முன்னேறி ஸ்ட்ரைக்கரை மோதுவார். டேக்கிளும் ஹெட்டரும் அவர் காலடிக்கே வரும். கவர் இரண்டடி பின்னால் நின்று, ஸ்டாப்பர் தவறவிட்டதை அள்ளுவார். அள்ள ஒன்றும் இல்லாத நாளில் அவர் கணக்கு வெறுமையாக இருக்கும். அவர் சரியான இடத்தில் நிற்பதைப் பார்த்து எதிரணி பாஸே கொடுக்காமல் விட்டால், அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

2001 ஆகஸ்ட்டில் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன், தன் சென்டர் பேக் யாப் ஸ்டாமை இத்தாலியின் லாட்சியோவுக்கு விற்றார். ஸ்டாமின் சுயசரிதை கிளப்பிய புகைச்சல்தான் காரணம் என்பார்கள். டேக்கிள் எண்ணிக்கை இறங்கியதைப் பார்த்து ஆள் தளர்ந்துவிட்டார் என்று நினைத்ததாகவும் சொல்வார்கள். தளர்ந்த ஆளா அவர்? 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மிலானுக்குத் தொடக்கத்திலிருந்து இறங்கினார். விற்றது தவறு என்று ஃபெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

கார்னர்_கொடி:
'அவர் இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி' என்பதிலும் ஒரு வம்பு உண்டு. லிவர்பூல் பிரீமியர் லீக்கில் 2017-18-ல் 38 கோல் வாங்கியது, 2018-19-ல் 22. எல்லாரும் சென்டர் பேக் வான் டைக்கைக் கைகாட்டுகிறோம். அவர் வந்தது 2018 ஜனவரியில், சரி. ஆனால் அந்தக் கோடையில் கோல்கீப்பர் அலிசனும் வந்தார். யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது லேசில்லை. பொறி, உங்கள் ஆள் காயத்தில் இருந்தபோது கோல்கீப்பர் அதே ஆள்தானா? எதிரே ஆடியவை பெரிய அணிகளா?

எக்செல்_பைத்தியம்:
அதனால்தான் வாங்கிய கோலை விட்டுவிட்டு எதிரணியின் எக்ஸ்ஜி-யை (கிடைத்த வாய்ப்புகளின் தரப்படி எதிர்பார்க்கக்கூடிய கோல் எண்ணிக்கை) பாருங்கள் என்கிறேன். கோலில் அதிர்ஷ்டம் நிறைய. எத்தனை வாய்ப்பு, எவ்வளவு நல்ல வாய்ப்பு கொடுத்தோம் என்பது கொஞ்சம் நிதானமான எண். எஃப்ஏ கோப்பையில் கீழ் டிவிஷன் அணிகளோடு ஆடியதைச் சேர்க்காதீர்கள். அப்புறம், ஹெட்டர் எண்ணிக்கையை விடுங்கள், போட்டியிட்டதில் ஜெயித்தது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். டேக்கிளுக்கும் அதே. கோலுக்கு வழிவிட்ட தவறுகள் என்றும் ஒரு பத்தி உண்டு.

ஆஃப்சைடு_பொறி:
பார்த்தேன். கோல்கீப்பர் அதே ஆள், எதிரணிகளும் நடுத்தரம்தான். அவர் இல்லாத லீக் மேட்சுகளில் எதிரணி எக்ஸ்ஜி தெளிவாகவே அதிகம். ஹெட்டர் சதவீதத்தில் இடதுகாரர்தான் மேலே.

வாங்கிய கோல்களையும் 2டி-யில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மூன்று கோல் ஒரே அச்சு. எதிரணி மிட்ஃபீல்டர் தலை நிமிர்த்துகிறார். என் ஸ்டாப்பர் ஸ்ட்ரைக்கரை நோக்கி ஏறுகிறார், மாற்று ஆளும் கூடவே ஏறுகிறார். இருவருக்கும் பின்னால் பெரிய வெற்றிடம். விங்கர் குறுக்கே ஓடி அதில் புகுந்துவிடுகிறார். இடதுகாரர் ஆடிய மேட்சில் இதே நிலைமை வந்தபோது, பாஸ் கிளம்பும் முன்பே அவர் இறங்க ஆரம்பித்துவிடுகிறார். மிட்ஃபீல்டர் பந்தைத் திருப்பித் தன் ஃபுல் பேக்கிடம் (ஓரத் தடுப்பாட்டக்காரர்) கொடுத்துவிடுகிறார். டேக்கிள் இல்லை, இன்டர்செப்ஷன் இல்லை, ஒன்றுமே பதிவாகவில்லை!

பழைய_சிஎம்_ஆள்:
இடதுகாரருக்கு பொசிஷனிங் (சரியான இடத்தில் நிற்பது), ஆன்டிசிபேஷன் (முன்கூட்டியே ஊகிப்பது), கான்சன்ட்ரேஷன் (கவனம்) மூன்றும் எவ்வளவு? சந்தேகம் தீராவிட்டால் கொஞ்ச நாள் டியூட்டியை மாற்றிப் போடுங்கள். எண் ஆளுடையதா, வேலையுடையதா என்று தெரிந்துவிடும்.

ஆஃப்சைடு_பொறி:
20-க்கு 15, 16, 15. மாற்று ஆளுக்கு மூன்றுமே 11-ஐத் தாண்டவில்லை.

டியூட்டியை மாற்றிப் போட்டேன். இடதுகாரருக்கு டேக்கிளும் இன்டர்செப்ஷனும் ஏறின, வலதுகாரருக்கு இறங்கின. ஆனால் வலதுகாரருக்கு வேகம் போதவில்லை, பின்னால் போன பந்தை எட்ட முடியவில்லை. பழையபடியே திருப்பிவிட்டேன். இடதுகாரரை விற்கவில்லை, வந்த விலையை மறுத்துவிட்டேன். உதவி மேனேஜர் இன்னும் விற்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், அவர் பாடு.

டச்லைன்_வாசி:
இதே முறை ஃபுல் பேக்குக்கும் ஒத்துவருமா? என் ஃபுல் பேக் அசிஸ்ட் போட்டே 7.3 வைத்திருக்கிறார். ஆனால் எங்கள் மேல் விழும் கிராஸ் எல்லாம் அவர் பக்கமிருந்துதான்.

எக்செல்_பைத்தியம்:
கார்னர்_கொடி சொன்னபடி அசிஸ்ட் மேட்சுகளை முதலில் கழியுங்கள். அப்புறம் எதிரணியின் வாய்ப்புகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று பாருங்கள். ஆனால் அவர் ஏறும்போது அந்த இடத்தை மூட யாரை வைத்திருக்கிறீர்கள் என்று தெரியாமல் அவரைக் குறை சொல்ல முடியாது. ஃபார்மேஷனைப் போடுங்கள், பார்ப்போம்.