ஆடாத கண் ஆடின கதை

பாலியாற்றுப் பொடியன்:
கிளிநொச்சியில் கடைசி வருடப் புரொஜெக்ட். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர் கண்ணாலேயே எழுத்துகளைத் தெரிவு செய்ய வேண்டும். கண் பார்க்கும் இடத்தைத் திரையில் புள்ளியாகக் காட்டும் ஐ டிராக்கரைச் சோதிக்கச் செயற்கைக் கண்ணை ஸ்டாண்டில் இறுக்கி, 65 செ.மீ. தள்ளி வைத்தோம். உயிருள்ள கண் ஒரு கணமும் சும்மா இருக்காது, இதுவோ கல். ஆகவே புள்ளி ஆடினால் குறை கருவியில்தான். நன்றாகவே ஆடியது. இரண்டு நாள் புரோகிராமைப் பிரட்டினோம். மூன்றாம் நாள் கரன்ட் போனது. பற்றரியில் ஓடிய லப்டொப்பில் புள்ளியின் ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கி, ஆணி அடித்ததுபோல் நின்றது. திரும்பிப் பார்த்தால், அதே மேசை ஓரத்தில் வெக்கைக்கு வைத்த ஃபானும் அப்போதுதான் நின்றிருந்தது!

ஓமந்தையாள்:
எங்களிடம் வந்த ஐயாவுக்கு ஒரு கண் செயற்கை. சொல்லவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. மூலையைப் பார்க்கச் சொன்னால் புள்ளி பாதி வழியில் நின்றுவிடும். கருவி தேடுவது கரிய பாவையையும் அகச்சிவப்பு ஒளியின் மினுக்கத்தையும்தானே; அக்ரிலிக் கண்ணில் இரண்டுமே உண்டு. இரண்டு கண்ணுக்கும் சராசரி எடுத்திருக்கிறது. விளக்கினோம். ஐயா சிரித்தார். "2009இல் போன கண் பிள்ளை. இன்னும் பார்க்குதெண்டு உங்கட மெசின் சொல்லுதோ?"

முறிகண்டி அண்ணை:
தம்பி, ஃபானில் பழியைப் போட்டுவிட்டு இருக்காதீர். செயற்கைக் கண் காட்டுவது புள்ளி எவ்வளவு சிதறுகிறது என்பதை மட்டும். சரியான இடத்தில் விழுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு மனிதரை இருத்தி, தெரிந்த புள்ளிகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். 65 செ.மீ. தூரத்தில் 1 பாகை பிசகினால் திரையில் 1.1 செ.மீ. தள்ளிப் போகும், 'க' கேட்டால் 'ங' வரும். ஃபில்டரையும் நிறுத்திப் பாரும்; அது ஆட்டத்தை மழுப்பி நல்ல பிள்ளையாகக் காட்டும். யன்னலை மூடும், வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. எனக்கு நடந்ததும் அதுதான்: காலையில் சரி, மத்தியானம் பிழை.

பாலியாற்றுப் பொடியன்:
அண்ணை, யன்னல் இல்லாத அறை. ஓமந்தை அக்கா, அந்த ஐயாவுக்குப் பிறகு சரிவந்ததா?

ஓமந்தையாள்:
ஒற்றைக் கண்ணுக்கு மாற்றினோம், வந்தது. முதலில் எழுதினது 'தேத்தண்ணி'. அதுவரை நாங்கள் கொடுக்கவே இல்லை.