புதுப்பிப்பு: மாயாமாளவகௌளை ராகத்தில் ரி, டி ஃப்ளாட்டாக வந்துவிட்டது

முன்பு கேட்டது இதுதான்: மியூஸ்ஸ்கோரில் (மேற்கத்திய இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்) மிடி கீபோர்டு (கணினியோடு இணைக்கும் இசைப்பலகை) மூலம் மாயாமாளவகௌளை ஜண்டை வரிசையை (ஸஸ ரிரி என்று ஸ்வரங்கள் இரட்டையாக வரும் பயிற்சி) ஏற்றினால், ஸ சியாகவும் ரி சி ஷார்ப்பாகவும் விழுகிறது. ஸ்வரம் மாறியும் கோடு மாறவில்லை, படிக்கவே முடியவில்லை. ரி, டி ஃப்ளாட்டாக வந்தால்தான் தனி இடத்தில் நிற்கும்.

காரணம் எளிது. மிடி அனுப்புவது 61 என்ற எண் மட்டும். சி ஷார்ப்பா, டி ஃப்ளாட்டா (ஒரே கட்டைக்கு இரண்டு பெயர்கள்) என்று அதில் கிடையாது, மென்பொருள்தான் ஊகிக்கிறது. கீ சிக்னேச்சர் (வரியின் தொடக்கத்தில் போடும் ஷார்ப், ஃப்ளாட் குறிகள்) காலியாக இருந்தால் ராகம் அதற்கு எப்படித் தெரியும்?

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஜே விசையை (சுருதி மாறாமல் பெயரை மட்டும் மாற்றுவது) அழுத்தச் சிலர் சொன்னார்கள். வேண்டாம். அது சரியான ஸ்வரங்களின் பெயரையும் மாற்றிவிடும். ஒரு ரி மேல் வலது கிளிக், செலக்ட், மோர் போய், ஒரே சுருதி உள்ளவற்றை மட்டும் பிடியுங்கள். டி ஃப்ளாட் வரும்வரை ஜே. தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) ரிக்கும், ஜி ஷார்ப்பாக வந்திருந்தால் த-வுக்கும் (ஏ ஃப்ளாட்) அதே வேலை.

அப்புறம் ஒன்று: "ரிரி" என்று வரும்போது இரண்டாவதற்கு ஃப்ளாட் குறி தெரியாது. பிழை இல்லை. ஒரு குறி, அந்த பார் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) முடியும்வரை அதே ஸ்தாயியில் செல்லும். பார் கோட்டைத் தாண்டினால் மறுபடி போட வேண்டும். ஆனாலும் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவதால், சந்தேகம் வரும் இடங்களில் அடைப்புக்குறிக்குள் ஒரு ஃப்ளாட் சேர்த்தேன். ப்ராப்பர்டீஸ் பலகத்தில் அந்த வசதி இருக்கிறது. எல்லா ஸ்வரத்துக்கும் போட்டால் பக்கம் கசகசவென்று ஆகிவிடும்.

கமகத்தை (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை) எப்படிக் காட்டுவது என்பது இன்னும் தீரவில்லை. அதைத் தனியாகக் கேட்கிறேன்.