5 கிலோப் பொதியும் கட்டுப்பாட்டு வரைபடமும்: சின்ன ஆலைக்கு இது தேவையோ?

பரந்தன் ஆலைக்காரன்: எங்கடை ஆலையில் அரிசியை 5 கிலோப் பொதியாகக் கட்டுறம். கிண்ணத்தால் அளந்து கொட்டுற இயந்திரம். படிச்சிட்டு வந்த மகன், மணித்தியாலத்துக்கு 5 பொதி நிறுத்து, சராசரியை வரைபடத்தில் புள்ளி வைக்கவேணும் எண்டு நிக்கிறார். எனக்கு வீண்வேலையாத்தான் படுது. பொதி குறைஞ்சால் ஆணியைத் திருகிக் கூட்டிறம், கூடினால் குறைக்கிறம். வேறென்ன வேணும்?

அறிவியல்நகர் மாணவி: ஐயா, அந்தத் திருகல்தான் வில்லங்கம். ஒரு பொதி 10 கிராம் குறைஞ்சது இயந்திரத்தின்ரை இயல்பான ஆட்டமெண்டால், நீங்கள் கூட்டின 10 கிராம் அடுத்த பொதியின்ரை ஆட்டத்தோடை சேரும். ஒவ்வொரு பொதிக்கும் இப்பிடித் திருத்தினால் மாறற்றிறன், அதாவது நிறைகள் எவ்வளவு சிதறுதெண்ட அளவு, இரண்டு மடங்காகும். புனலுக்குள்ளால் கோலியை விழுத்தித் தரக்கட்டுப்பாட்டு அறிஞர் டெமிங் விளங்கப்படுத்தினது இதைத்தான். எப்ப கை வைக்கவேணும், எப்ப சும்மா விடவேணும் எண்டு பிரிக்கத்தான் ஷூவார்ட் எண்ட அறிஞர் 1924இல், நடுக்கோட்டுக்கு மேலையும் கீழையும் எல்லைக்கோடு போட்ட இந்தக் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கீறினார்.

மாங்குளத்தான்: தங்கச்சி, ஷூவார்ட் இருந்தது தொலைபேசிச் சாமான் செய்யிற இடம். அங்கை ஒரே பொருள் நாள் முழுக்க ஓடும். இஞ்சை காலையில் சம்பா, மத்தியானம் நாட்டரிசி. அரிசி மாறினால் அதே கிண்ணத்தில் நிறையும் மாறும். பிறகு எந்த எல்லையை நம்புறது?

அறிவியல்நகர் மாணவி: அது நியாயம் அண்ணா. அரிசிக்கொரு வரைபடம் வைக்கவேணும், ஒண்டிலை கலக்கக்கூடாது.

பரந்தன் ஆலைக்காரன்: சரி, ஆணியைத் தொடாமல் சம்பாவுக்கு மட்டும் 25 தரம் ஐந்தைந்து பொதியா நிறுத்துப் பாத்தம். சராசரி 5020 கிராம். ஐந்து பொதிக்குள்ளை கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் உள்ள வீச்சு சராசரியா 26. மகன் அதை, ஐந்து பொதிக்கு அட்டவணையில் உள்ள 0.577 ஆலை பெருக்கி, வந்த 15ஐச் சராசரியோடை கூட்டியும் கழிச்சும் எல்லை 5005, 5035 எண்டு கீறினார். எல்லாப் புள்ளியும் உள்ளுக்குத்தான்.

மாங்குளத்தான்: அண்ணை, அதைப் பாத்து நிம்மதியா இருந்திடாதேங்கோ. அது சராசரிக்கான எல்லை, தனிப் பொதிக்கில்லை. வீச்சை, அதே அட்டவணையில் உள்ள 2.326 ஆலை பிரிச்சால் தனிப் பொதியின்ரை நியம விலகல், அதாவது சராசரியிலை இருந்து வழமையா விலகிற அளவு, 11 கிராமளவு. அப்ப நூறு பொதியில் மூண்டு நாலு 5 கிலோவுக்குக் குறைவாப் போகும். வாங்கிற சனத்துக்கு வரைபடமோ முக்கியம்?

அறிவியல்நகர் மாணவி: கணக்குச் சரி. ஆட்டம் சீராயிருக்கோ எண்டதைத்தான் வரைபடம் சொல்லும். அந்த ஆட்டம் சின்னனாக வேணுமெண்டால் இயந்திரத்தைத்தான் திருத்தவேணும், அல்லது இன்னும் 15 கிராம் கூட்டிக் கட்டவேணும். ஆனால் வரைபடம் இல்லாமல் இந்த 26ஐ ஆர் கண்டது?

பரந்தன் ஆலைக்காரன்: மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன். நேற்று எட்டுப் புள்ளி தொடர்ந்து நடுக்கோட்டுக்குக் கீழை. ஒண்டும் எல்லை தாண்டேல்லை, எண்டாலும் எட்டும் ஒரே பக்கம் விழுந்தது இயல்பான ஆட்டமாப் படேல்லை. முந்தியெண்டால் ஆணியைத் திருகியிருப்பம். மகன் இயந்திரத்தை நிப்பாட்டிக் கிண்ணத்தைக் கழட்டினார். அடி மூலையில் தவிடு ஈரம்பட்டு, விரல்மொத்தத்துக்கு இறுகிப்போய்க் கிடந்தது. சுரண்டி எடுத்தபிறகு புள்ளி திரும்ப நடுவுக்கு வந்திட்டுது.

மாங்குளத்தான்: அது நல்ல பிடிதான், ஒத்துக்கொள்ளுறன். எண்டாலும் கடைக்கு ஏத்தமுதல் ஒவ்வொரு பொதியையும் தராசில் வையுங்கோ. அதை நான் விட்டுக்குடுக்கமாட்டன்.

பரந்தன் ஆலைக்காரன்: வைக்கிறம் தம்பி. 5 கிலோவுக்குக் கீழை நிக்கிற பொதியைத் திரும்பக் கொட்டிக் கட்டுறம். நாளைக்கு நாட்டரிசி வரைபடம் தொடங்கிறம்.