மறு: 'டெஸ்ட் ஆப்ஷனல்' – தமிழில் எப்படிச் சொல்வது?

> 'தேர்வு விருப்பச் சேர்க்கை' என்று வைத்துக்கொள்ளலாமே, சுருக்கமாக இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில், எஸ்ஏடி போன்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவதை மாணவர் விருப்பத்துக்கு விடுவதைத்தானே 'டெஸ்ட் ஆப்ஷனல்' என்கிறார்கள். அதற்கு நீங்கள் சொன்னது சுருக்கம்தான் ஐயா. ஆனால் முதல் சொல்லே இடிக்கிறது. தேர்வு என்றால் பரீட்சையும்தான், தெரிவு செய்வதும்தான். கணினியில் 'விருப்பத்தேர்வு' என்று படித்துப் பழகிய கண் இதையும் அப்படியே படித்துவிடும். இலங்கை நண்பர்கள் பரீட்சை என்றே சொல்வதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று. எஸ்ஏடி எழுதுவதா வேண்டாமா என்பதில் மாணவர் அவ்வளவாகத் திண்டாடுவதில்லை. எழுதி வாங்கிய மதிப்பெண்ணை அனுப்புவதா மறைப்பதா என்பதில்தான் திண்டாட்டம். அமெரிக்காவில் போடன் கல்லூரி 1969இலேயே இந்த வழியைத் திறந்துவிட்டது. 2020இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடியபோது மற்ற கல்லூரிகளும் கூட்டமாக அதில் வந்து சேர்ந்தன. அப்புறம் எம்ஐடி 2022இல் பழையபடி மதிப்பெண் கேட்டது. 2024இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு.

டார்ட்மவுத் திரும்பியதற்குச் சொன்ன காரணம் நம் சொல்லுக்கும் உதவும். வசதி குறைந்த மாணவர் சிலர், அனுப்பியிருந்தால் இடம் கிடைக்க உதவியிருக்கும் மதிப்பெண்ணை 'போதாது' என்று நினைத்து மறைத்துவிட்டார்களாம். அவர்கள் படித்த பள்ளியோடு ஒப்பிட்டால் அது நல்ல மதிப்பெண். அவர்களோ கல்லூரி வெளியிடும் நடு ஐம்பது விழுக்காட்டு எண்களை, அதாவது மதிப்பெண் அனுப்பிச் சேர்ந்தவர்களில் மேல் கால்பங்கையும் கீழ்க் கால்பங்கையும் விட்டு நடுப் பாதியினர் வாங்கிய மதிப்பெண் வரம்பை, பார்த்துப் பயந்துவிட்டார்கள். அந்த எண்களும் பாருங்கள், அதிகம் வாங்கியவர்கள் மட்டும் அனுப்ப அனுப்ப ஏறிக்கொண்டே போகும். அடுத்த ஆண்டு இன்னும் பலர் பயப்படுவார்கள். (என்னைக் கேட்டால், அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே இருந்தாலும் உங்கள் பள்ளியில் அது உயர்ந்த மதிப்பெண் என்றால் அனுப்பிவிடுங்கள் என்பேன்.)

ஆகவே சொல்லில் 'மதிப்பெண்' இருக்க வேண்டும்: மதிப்பெண் விருப்பச் சேர்க்கை. விருப்ப ஓய்வு, விருப்பப் பாடம் எல்லாம் பழகிய சொற்கள்தானே, புரிந்துவிடும்.

'டெஸ்ட் பிளைண்ட்' என்பதற்குக் 'குருட்டு' வேண்டவே வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் கண் தெரியாமல் விடவில்லை. அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறது. 'மதிப்பெண் நோக்காச் சேர்க்கை' எனலாம். 'நோக்கா' கொஞ்சம் பண்டிதத்தனம்தான், 'பாரா' என்றால் பத்தி என்று படிப்பார்களே!

சரி, யேல்? அங்கே 2024இல் வந்தது வேறு ஏற்பாடு. மதிப்பெண் கட்டாயம், ஆனால் எஸ்ஏடி, அதைப் போன்ற ஏசிடி, பாடவாரியாக எழுதும் ஏபி, ஐபி இவற்றில் எதன் மதிப்பெண் என்பது மாணவர் விருப்பம். அதற்கு உங்கள் 'தேர்வு விருப்பச் சேர்க்கை' அச்சாகப் பொருந்துகிறது ஐயா. அங்கே எடுத்து வைத்துக்கொள்வோமா?

அன்புடன்