ஆறு இலக்க டாட் காம் பெயர்கள்: வைத்திருப்பதா, விட்டுவிடுவதா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். 2015 நவம்பரில், சீன முதலீட்டாளர்கள் எண்களால் மட்டுமே ஆன டாட் காம் இணைய முகவரிப் பெயர்களை (டொமைன்) மொத்தம் மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்த நாட்களில், நானும் ஆறு இலக்கப் பெயர்கள் 40 வாங்கினேன். ஒன்றுக்கு 2,000 ரூபாய் வீதம் 80,000 ரூபாய் ஆயிற்று. ஐந்து இலக்கப் பெயர்கள் தீர்ந்துவிட்டன, அடுத்து ஏறப்போவது ஆறு இலக்கம்தான் என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டதை நம்பித்தான் இறங்கினேன்.

பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு நவம்பரிலும் புதுப்பித்து வருகிறேன். பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரம் ரூபாய் என்று வைத்தால், இதுவரை புதுப்பிப்புக்கு மட்டும் நான்கு லட்சம் போயிருக்கிறது. ஒரு பெயர்கூட விற்கவில்லை. 2016 தொடக்கத்தில் வெளிநாட்டு வணிகர் ஒருவர் கேட்டார். இன்னும் ஏறும் என்று நானே மறுத்துவிட்டேன். அடுத்த மாதம் மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

மூவிலக்கம்:

ஐயா, அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண் டொமைன் என்பது வெறும் சூதாட்டம் என்று சொல்பவர்கள், சீனத்தில் அந்த எண்கள் செய்யும் வேலையைப் பார்த்ததில்லை.

முகவரிப் பட்டையில் சீன எழுத்தைத் தட்ட வழியில்லாத காலத்தில் அங்கே இணையம் வந்தது. ரோமன் எழுத்தில் பின்யின் முறைப்படி எழுதலாம் என்றால், ஒரே ஒலிக்குப் பத்துச் சொற்கள் வந்து நிற்கும். எண்ணோ பள்ளிக்குப் போன அனைவருக்கும் தெரியும். தொலைபேசியில் வாயால் சொன்னாலும் பிழையில்லாமல் போய்ச் சேரும். அக்காலத்தில் சைனாநெட் என்ற இணையச் சேவையின் இணைப்புக்குத் தொலைபேசியில் 163 என்ற எண்ணைச் சுழற்ற வேண்டியிருந்தது. நெட்ஈஸ் நிறுவனம் அந்த எண்ணையே 163.காம் என்று தன் முகவரியாக வைத்துக்கொண்டது. ரயில் பயணச்சீட்டு எடுக்க 12306, சைனா மொபைல் சேவைக்கு 10086 என்று தொலைபேசி எண்ணும் இணைய முகவரியும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன. 58.காம் என்ற வரி விளம்பரத் தளத்தின் நிறுவனம் 2013இல் நியூயார்க் பங்குச் சந்தைக்கே போனது.

இப்போது அளவைப் பாருங்கள். மூன்று இலக்க டாட் காம் ஆயிரம்தான் இருக்க முடியும். நான்கு இலக்கம் பத்தாயிரம். பத்தாயிரத்து ஒன்றாவது பெயரை எவராலும் உருவாக்க முடியாது. 2015இல் கிஹூ 360 நிறுவனம் 360.காம் என்ற ஒரே பெயருக்கு 1.7 கோடி டாலர் கொடுத்ததை இங்கே பலர் அறிந்திருப்பீர்கள். அத்தகைய சந்தையின் கீழ்த்தட்டில்தான் உங்கள் 40 பெயர்களும் இருக்கின்றன. மேல்தட்டு ஏறும்போது கீழ்த்தட்டும் அசையும்.

கணக்குவழக்கு:

மூவிலக்கம் அவர்கள் சொன்ன தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. அவற்றிலிருந்து அவர் வந்து சேரும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

ஒரு பொருள் குறைவாக இருப்பது வேறு, அதை வாங்க ஆள் இருப்பது வேறு. என் வீட்டு மின் இணைப்பு எண்ணும் உலகில் ஒன்றே ஒன்றுதான். அதற்கு எவரும் விலை பேசுவதில்லை. மேலும், 360.காம் பெயரை விற்றவர் யார் என்று பாருங்கள். வோடபோன் நிறுவனம் 2009இல் அதே எண்ணைப் பெயரில் தாங்கிய சேவை ஒன்றைத் தொடங்கிப் பின்னர் மூடியது. அந்தச் சேவையின் மிச்சமாகத்தான் அந்தப் பெயர் அதன் கையில் இருந்தது. வாங்கியவரோ தன் நிறுவனப் பெயரிலேயே 360 என்ற எண்ணை வைத்திருந்தவர். உலகத்தில் ஒரே ஒருவருக்குத் தவிர்க்க முடியாத தேவை இருந்தது, அந்த ஒருவரிடம் பணமும் இருந்தது. அந்த விற்பனையை வைத்து ஆறு இலக்கப் பெயருக்கு மதிப்புப் போடுவது, தி. நகர் உஸ்மான் சாலைக் கடையின் விலையைக் கேட்டுவிட்டு வானம் பார்த்த பூமிக்கு விலை சொல்வதைப் போன்றது.

அதோடு, நிலத்துக்குப் பட்டா உண்டு. டொமைனுக்கு இருப்பது குத்தகைதான். அதிகபட்சம் பத்தாண்டுக்கு முன்கூட்டிக் கட்டலாம், அவ்வளவே. டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், பெயர்களை நமக்குப் பதிவு செய்து தரும் பதிவு நிறுவனங்களிடம் வாங்கும் மொத்தக் கட்டணம் 2015இல் பெயருக்கு 7.85 டாலர், 2024 செப்டம்பரிலிருந்து 10.26 டாலர். குத்தகை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது, விளைச்சல் சுழியம். வைகைக்கரை ஐயா போட்ட முதலைப் போல ஐந்து மடங்கைப் புதுப்பிப்பாகவே கட்டியிருக்கிறார். இதை முதலீடு என்று எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

ஈப்போ வாசி:

நான் மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். அலுவலகத்தில் என்னைச் சுற்றி இருப்பவர்களில் பாதிப்பேர் சீனர்கள். எண் டொமைனைப் பற்றிப் பேசுமுன் எண் அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

எங்கள் கட்டடத்தில் மின்தூக்கிக்குள் ஏறினால் 3-க்கு அடுத்த பொத்தானில் 3ஏ என்று இருக்கும்; 4 இருக்காது. நான்கைக் குறிக்கும் ஒலி சாவைக் குறிக்கும் ஒலியை ஒட்டியிருப்பதுதான் காரணம். எட்டுக்கு 'பா' என்பார்கள். அது செல்வம் பெருகுவதைக் குறிக்கும் 'ஃபா' என்ற ஒலியை நினைவூட்டும். 520 என்றால் 'உன்னைக் காதலிக்கிறேன்', 1314 என்றால் 'வாழ்நாள் முழுவதும்'. 51 என்பது 'எனக்கு வேண்டும்' என்பதைப் போல ஒலிப்பதால்தான் வேலைவாய்ப்புத் தளம் ஒன்று 51ஜாப் என்று பெயர் வைத்தது. அலிபாபாவின் 1688.காம் பெயரை மாண்டரினில் இலக்கம் இலக்கமாகச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட 'அலிபாபா' என்றே வரும். ஆகவே ஒரு சீனருக்கு இவை எண்ணும் சொல்லும் சேர்ந்த பெயர்கள். நமக்கோ வெறும் இலக்கங்கள். சொல் தெரியாத மொழியில் சொல் வியாபாரம் செய்கிறோம் என்பதே இங்கே உள்ள ஆபத்து.

ஐயா, உங்கள் பட்டியலில் 4 இல்லாத பெயர்கள் எத்தனை?

மூவிலக்கம்:

ஈப்போ வாசி அவர்களின் கேள்விதான் சரியான கேள்வி. நான் மேலே சொன்னவற்றில் ஒரு திருத்தமும் வேண்டும்: ஆறு இலக்கப் பெயர்கள் அனைத்தும் ஒரே தரம் என்ற பொருள்பட எழுதிவிட்டேன், அப்படி இல்லை. 2015இலேயே 0, 4 ஆகிய இரண்டும் இல்லாத பெயருக்கு ஒரு விலை, 0 மட்டும் உள்ளதற்கு ஒரு விலை, 4 உள்ளதற்கு அடிமட்ட விலை என்று தனித்தனியாகவே பேரம் நடந்தது. எழுத்துப் பெயர்களிலும் அப்படித்தான். உயிரெழுத்துகளும் வி என்ற எழுத்தும் இல்லாதவற்றைத்தான் தேடி வாங்கினார்கள்.

ஆனால் கணக்குவழக்கு அவர்கள் வாங்க ஆளே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். ஏதேனும் ஓர் ஒழுங்குள்ள எண்களுக்கு இன்றும் ஆள் இருக்கிறது: 111222 போல, 123123 போல அமைந்தவை, அல்லது ஷென்ஜென் நகரத்தின் 0755, ஹாங்ஜோவின் 0571 போன்ற தொலைபேசிக் குறியீட்டில் தொடங்குபவை. இப்படிப்பட்ட ஒரு பெயரை நானே சென்ற ஆண்டு ஷென்ஜெனில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றேன். அவர் முதலீட்டாளர் இல்லை. கடைப் பலகையில் எழுதுவதற்காக வாங்கினார்.

கணக்குவழக்கு:

ஒழுங்குள்ள எண்கள் எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 111222 வகையில் இரு வேறு இலக்கங்கள் கொண்டவை மொத்தம் 90. 123123 வகையில் மூன்றும் வெவ்வேறாக இருப்பவை 720. பத்து லட்சம் ஆறு இலக்கப் பெயர்களில் இவை ஒரு துளி. நான்கு ஓரிடத்திலாவது உள்ளவை 4,68,559, அதாவது ஏறத்தாழப் பாதி. 0, 4 இரண்டும் இல்லாதவை 2,62,144. கடைசிக் கட்டத்தில் வந்து வாங்கியவர்களுக்கு எந்தப் பாதி மிஞ்சியிருக்கும் என்பதை ஊகிக்கக் கணிதம் வேண்டியதில்லை.

2015இல் ஏன் விலை ஏறியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த ஆண்டு ஜூன் மாதம் ஷாங்காய் பங்குச் சந்தை சரிந்தது. ஆகஸ்டில் யுவானின் மதிப்பைக் குறைத்தார்கள். தனிமனிதர் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் அந்நியச் செலாவணி மாற்றக் கூடாது என்ற வரம்பும் அங்கே இருந்தது. போக்கிடம் தேடிய பணம், ஒரே பதிவு நிறுவனத்தின் இரு கணக்குகளுக்கிடையே சில நிமிடங்களில் கைமாறக்கூடிய ஒரு பொருளைக் கண்டது. பெயரைக் கடைப் பலகையில் எழுதுவதற்காக அன்று வாங்கியவர்கள் மிகச் சிலரே; அடுத்தவர் கூடுதலாகத் தருவார் என்பதற்காக வாங்கியவர்களே பெரும்பாலோர் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணம் வேறு போக்கிடம் கண்டதும் விலையும் போய்விட்டது.

இன்னும் ஒன்று. 2017 ஜனவரியில் வீசாட் என்ற சீனச் செய்திப் பரிமாற்றச் செயலி தனக்குள்ளேயே சிறு செயலிகளை இயக்கும் வசதியைத் திறந்தது. இன்று அங்கே காய்கறிக் கடைக்காரர்கூடக் கியூஆர் கட்டத்தைத்தான் ஒட்டிவைக்கிறார். முகவரியைத் தட்டுவதே குறைந்துபோன ஊரில், தட்டுவதற்கு எளிதான முகவரி என்ற வாதத்துக்கு எவ்வளவு ஆயுள்? இணைய வணிகம் செய்யும் ஜேடி நிறுவனம் 2013இலேயே 360பை.காம் என்ற எண் கலந்த பெயரை விட்டு ஜேடி.காம் என்ற இரண்டே எழுத்துக்கு மாறிவிட்டதையும் எண்ணிப் பாருங்கள்.

மூவிலக்கம்:

ஜேடி மாறியது இரண்டெழுத்துக்கு. அதுவும் குறுகிய, அரிதான பெயர்தான். அது என் வாதத்துக்கே துணை. கியூஆர் பற்றிச் சொன்னது நியாயம். அது அடித்தட்டைப் பாதித்திருக்கிறது. இருந்தும் நிறுவனங்கள் மின்னஞ்சலுக்கும் அடையாளத்துக்கும் குறுகிய பெயரைக் கைவிடவில்லை. மூன்று இலக்கத்தைக் கையில் வைத்திருப்பவர் எவரும் அதை நள்ளிரவில் தூக்கியெறிந்து நான் பார்த்ததில்லை.

வைகைக்கரை:

நேற்று இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகச் சிவப்பு மையால் குறித்தேன். 40 பெயர்களில் 4 உள்ளவை 27. மீதமுள்ள 13-இல் 0 உள்ளவை 8. இரண்டும் இல்லாதவை ஐந்தே ஐந்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எட்டு சனியின் எண் என்பதால் ஆகாது. வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் அப்பா வேறு எண் கேட்பார். 2015இல் விற்பனைக்கு வந்த பட்டியலில் 8 உள்ள பெயர்கள் இருந்தன. சற்று விலை கூடுதல். நான் அவற்றைக் கடந்து போனேன். அவர்கள் தேடிய இலக்கத்தை நான் தவிர்த்தேன், அவர்கள் தவிர்த்த இலக்கத்தை வாங்கி வைத்திருக்கிறேன். என் 40 பெயர்களில் ஒன்றில்கூட எட்டு இல்லை.

என் பெயர்களில் ஏதேனும் ஒன்று 600 என்று தொடங்குமாறு அமைந்திருந்தால், ஷாங்காய் பங்குச் சந்தையில் ஒரு நிறுவனத்தைக் குறிக்கும் ஆறு இலக்கப் பங்கு எண்ணாகியிருக்கும், அந்த நிறுவனத்திடமே விற்றிருக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது சரியா?

கணக்குவழக்கு:

அந்த வழிக்குப் போகவே வேண்டாம், ஐயா. 600519 என்றால் மௌத்தாய் மதுபான நிறுவனத்தின் பங்கு என்று அங்கே முதலீடு செய்பவர் யாவருக்கும் தெரியும். ஒரு நிறுவனத்தின் அடையாளத்தை வைத்துக்கொண்டு அந்த நிறுவனத்திடமே விலை பேசினால், தீய எண்ணத்தோடு பதிவு செய்தீர்கள் என்று, இணையப் பெயர்களை உலக அளவில் மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் பிணக்குத் தீர்வு விதிகளின்படி வழக்குத் தொடுக்க இடமுண்டு. பெயரும் போகும், செலவும் சேரும்.

நீங்கள் எட்டைத் தவிர்த்ததற்காக வருந்த வேண்டியதில்லை. உங்களுக்குப் பழகிய நம்பிக்கையின்படி நடந்தீர்கள். வாங்குபவர் யார் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஈப்போ வாசி:

இளைஞர்கள் சிலர் இப்போது, எத்தீரியம் என்ற மின்பண வலையமைப்பில் பதிவாகும், டாட் ஈத் என்று முடியும் எண் பெயர்களைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். 2022 ஜூலையில் 000.ஈத் என்ற பெயர் 300 ஈதருக்கு (அந்த வலையமைப்பின் மின்பணம்) விற்றது உண்மை. அதைக் கேட்டு நான்கு இலக்கப் பெயர் வாங்க நினைப்பவர்கள், அதன் ஆண்டுக் கட்டணம் 160 டாலர், மூன்று இலக்கத்துக்கு 640 டாலர் என்பதை முதலில் குறித்துக்கொள்ளட்டும்.

மூவிலக்கம்:

வைகைக்கரை ஐயா, 4 உள்ள 27-ஐயும் விட்டுவிடுங்கள். இதில் கணக்குவழக்கு அவர்களோடு நான் உடன்படுகிறேன். ஐந்தை மட்டும் வையுங்கள். 0 உள்ள எட்டையும் விடலாம், ஊர்க் குறியீட்டில் தொடங்குபவை இருந்தால் அவை தவிர. சீனத்தில் தளம் நடத்த விரும்புபவர், பெயரை அங்கே அனுமதி பெற்ற பதிவு நிறுவனத்துக்கு மாற்றி, தன் உண்மைப் பெயரில் சரிபார்த்து, அரசிடம் பதிவும் செய்ய வேண்டும். ஆகவே பெயரைப் பூட்டில்லாமல், மாற்றுவதற்கான குறியீடு கையில் இருக்குமாறு வைத்திருங்கள்.

கணக்குவழக்கு:

ஐந்தையும் விடுங்கள் என்பதே என் கருத்து. வைப்பதானால் ஓராண்டுக்கு மட்டும் கட்டுங்கள், பத்தாண்டுக்கு அல்ல.

வைகைக்கரை:

தானியங்கிப் புதுப்பிப்பை 35 பெயர்களுக்கு நிறுத்திவிட்டேன். 0 உள்ள எட்டில் எதுவும் ஊர்க் குறியீட்டில் தொடங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெயரின் நினைவூட்டல் மின்னஞ்சல் என் பழைய முகவரிக்குப் போய், தவணை தாண்டி, மீட்புக் கட்டணமாகப் பல மடங்கு கட்டி அதைத் திரும்ப எடுத்தேன். நேற்று பார்த்தபோது அந்தப் பெயரிலும் இரண்டு நான்குகள் இருந்தன. அதுவும் இந்த 35-இல் ஒன்று.

மீதி ஐந்துக்கு ஓராண்டுக் கட்டணம் 5,500 ரூபாய் கட்டியிருக்கிறேன். மூவிலக்கம் அவர்களே, அந்த ஐந்து எண்களையும் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். அவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு நீங்களே விலை சொல்வீர்களா?

மூவிலக்கம்:

மடல் கிடைத்தது, ஐயா. மூன்றாவது எண்ணுக்கு 3,000 ரூபாய் தருகிறேன். மற்ற நான்கையும் நான் வாங்க மாட்டேன்.