மருத்துவப் புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வு: வழிகாட்டல் வேண்டி

குழுவினருக்கு வணக்கம். கோத்தகிரியைச் சேர்ந்த நான், புள்ளியியலில் முதுகலை முடித்துவிட்டு, மருத்துவப் புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ள விரும்புகிறேன். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு (இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளையச் செய்யும் பரம்பரை மாற்றம்) முதலில் பதிவான இடங்களுள் நீலகிரியும் ஒன்று. 1952இலேயே இங்குள்ள பழங்குடியினரிடம் அது கண்டறியப்பட்டது. ஆயினும், தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களுக்கிடையே உள்ள உடல்நல வேறுபாடுகள், மாவட்டச் சராசரி என்னும் ஒற்றை எண்ணுக்குள் எளிதில் மறைந்துவிடும். தோடரைப் போன்ற மிகச் சிறிய சமூகத்தில் மாதிரியின் அளவும் சிறிதாவதால், மதிப்பீட்டின் பிழை வரம்பு விரிந்துவிடுகிறது. அதற்காக அவர்களை ‘மற்றவர்கள்’ என்ற கட்டத்தில் அடைப்பது எனக்கு உடன்பாடில்லை. படிநிலை பேயீசிய முறை (சிறு குழுவின் மதிப்பீட்டுக்கு மற்றக் குழுக்களின் தரவிலிருந்தும் வலுச் சேர்க்கும் புள்ளியியல் முறை) இதற்குப் பொருந்துமா, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலோ சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்திலோ இத்தகைய ஆய்வுக்கு நெறியாளர் கிடைப்பாரா, மலையில் இருந்தபடியே பகுதிநேரமாகப் பதிவுசெய்ய இயலுமா என்பவற்றை அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.